ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆக பி.எட். எதற்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருவில் என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "டீச்சர், பாப்பாளுக்கு டீச்சராகோணும்னு ஆசைங்க. பி.ஏ. சேத்திவிட்டு அப்புறம் பி.எட். படிக்க வெச்சிரலாமுங்களா?" எந்த வகுப்புக்கு டீச்சர் என்று நான் திருப்பிக் கேட்பேன். "சின்னப் பிள்ளைகளுக்குத்தானுங்க" என்று பதில் வந்தால், பி.எட். பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முகம் சுருங்கும். பட்டம் இல்லாமல் டீச்சரா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

நான் கரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை, அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவள். வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க என்ன படிக்க வேண்டும், எந்த இடத்தில் எந்தத் தகுதியைப் பார்ப்பார்கள், அந்தப் படிப்புக்குள் போனால் என்ன வேலை இருக்கும் என்பதெல்லாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்தபிறகு, எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவருக்கான குறைந்தபட்சத் தகுதியை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., முடிவு செய்கிறது. அதன் 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கைதான் இன்றைக்கும் அடிப்படை. முதல் ஐந்து வகுப்புகளுக்கு அது கேட்பது இவ்வளவுதான்: பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண், அதற்கு மேல் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. இல்லையென்றால் நான்கு ஆண்டு தொடக்கக் கல்வி இளங்கலைப் பட்டம். சிறப்புக் கல்வியில் இரண்டு ஆண்டு பட்டயம் முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. எந்த வழியில் வந்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வு, நாம் டெட் என்று சொல்வது, தேறியிருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணில் சலுகை இருக்கிறது.

இந்தத் தகுதி அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனியார் பள்ளிக்கும் இதுதான். நடைமுறையில் பி.எட். முடித்தவர்கள் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பதைப் பார்க்கிறோம், சரி. அதை வைத்து உங்கள் பெண்ணின் ஐந்து வருடத்தை முடிவு செய்யாதீர்கள்.

பி.எட். குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 2018 ஜூன் 28 அன்று என்.சி.டி.இ. இன்னொரு அறிவிக்கை விட்டது. பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம், வேலையில் சேர்ந்தபிறகு ஆறு மாதம் இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. நாடு முழுக்கப் பட்டயம் படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். ராஜஸ்தானில் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஆகஸ்ட் 11 அன்று அந்த அறிவிக்கை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பி.எட். என்பது பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கான பயிற்சி, ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிக்கும் முறை அதில் இல்லை என்பதுதான் சாரம். என்னைக் கேட்டால் சரியான தீர்ப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவதும், அழுதுகொண்டே வரும் குழந்தையை உட்கார வைத்து எழுத்து சொல்லித் தருவதும் வேறு வேறு தொழில்.

நான்கு ஆண்டுப் பட்டம் எங்கே இருக்கிறது?

"பட்டமாகவே படிக்க முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு இது. தில்லிப் பல்கலைக்கழகம் 1994-இல் நான்கு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பி.எல்.எட். என்பார்கள். சில மகளிர் கல்லூரிகளில் நடந்தது. இப்போது அந்த இடத்துக்கு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் வந்துகொண்டிருக்கிறது. சுருக்கமாக ஐடெப். பி.ஏ., பி.எஸ்சி. அல்லது பி.காம். பாடத்தோடு பி.எட்.டையும் சேர்த்து நான்கே வருடத்தில் முடிப்பது. மழலை நிலை, தொடக்க நிலை, நடு நிலை, உயர்நிலை என்று கற்பிக்கப்போகும் வயதைப் பொறுத்துப் பிரித்திருக்கிறார்கள். சேர்வதற்கு தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் இந்த நான்காண்டுப் பட்டமே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி ஆகிவிட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இந்த இழுபறி எப்படி முடிந்தாலும், இன்று பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கேயே அரசுப் பள்ளியில் வேலை பார்க்க நினைக்கும் பெண்ணுக்கு நான் கைகாட்டுவது இரண்டு ஆண்டு பட்டயத்தைத்தான். மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசை இருக்கிறது, வீட்டை விட்டு வெளியே போக முடியும், நுழைவுத் தேர்வுக்கும் தயார் என்றால் ஐடெப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: எந்த நிலைக்கான படிப்பு என்று பார்த்துச் சேருங்கள். உயர்நிலைக்கான பிரிவில் சேர்ந்துவிட்டு ஒன்றாம் வகுப்பு வேண்டும் என்றால் மறுபடியும் பி.எட். கதைதான்.

பட்டயப் படிப்பில் சேர

நான் படித்தபோது இதன் பெயர் டி.டி.எட். இப்போது டி.எல்.எட். ஊரில் எல்லோருக்கும் இன்றும் "டீச்சர் ட்ரெய்னிங்"தான்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். கணக்கு குரூப்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக 50 சதவீதம், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 45 சதவீதம். இப்போதைய 600 மதிப்பெண் கணக்கில் 300, 270. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இட ஒதுக்கீட்டு முறைப்படி சேர்க்கை. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆண்டுதோறும் அறிவிப்பு விடும், இணையத்தில் விண்ணப்பம். வயது வரம்பு ஒன்று உண்டு. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றபிறகு படிக்க வருகிறவர்கள் அந்த ஆண்டுக் கையேட்டில் வயதுப் பத்தியை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். விதவைகள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கான தளர்வு பற்றியும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்கள் வழக்கமானவைதான்: பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். வேறு மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றும் எடுத்து வையுங்கள். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர் என்று இருந்தால் சேரும் முன்பே சரிசெய்யுங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருப்பதெல்லாம் இப்போது சின்ன விஷயமாகத் தெரியும். பத்து வருடம் கழித்து வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அது பெரிதாகும்.

நிறுவனங்கள் மூன்று வகை. அரசு நடத்தும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், நாம் டயட் என்பது. அடுத்து அரசு உதவி பெறுபவை. அப்புறம் சுயநிதி. டயட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் குறைவு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களே உங்களுக்கும் பாடம் எடுப்பார்கள். மாவட்டத்தில் பணியில் இருக்கும் டீச்சர்கள் அங்கே பயிற்சிக்கு வந்து போவார்கள், அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தொழில் தெரிந்துவிடும். ஏனோ பல டயட்டுகள் ஊருக்கு வெளியில்தான் இருக்கும். முனஞ்சிப்பட்டி, வானரமுட்டி, உத்தமசோழபுரம், வடலூர், குருக்கத்தி என்று ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும். நான் படித்தது மாயனூரில். கரூர் - திருச்சி ரயில் பாதை ஒரு பக்கம், காவிரி ஒரு பக்கம். சாயங்காலம் கிளம்பும்போது பயிற்சி ஏட்டு மூட்டையோடு ரயிலைப் பிடிக்க ஓடிய ஓட்டம் உடற்கல்வி மதிப்பெண்ணுக்குச் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

சுயநிதியில் சேர்வதென்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள். 2008 வாக்கில் ஊருக்கு ஊர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் முளைத்தது. வேலைவாய்ப்பு குறைந்ததும் பெரும்பாலானவை மூடிவிட்டன. இப்போது நடக்கும் நிறுவனத்துக்கு என்.சி.டி.இ. தென்மண்டலக் குழுவின் அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆணையின் நகலைக் காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் இடத்தில் இன்னும் வேகமாக வெளியே வாருங்கள். என்.சி.டி.இ. விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம், பாடங்களுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை. வராமல் படிப்பது என்று ஒன்று இதில் கிடையாது.

இரண்டு வருடம் என்ன செய்வீர்கள்

எங்கள் காலத்துப் பாடங்கள்: கற்கும் குழந்தை, கற்றலை எளிதாக்குதலும் மேம்படுத்துதலும், இந்தியக் கல்வி முறை, தமிழ்மொழிக் கல்வி, ஆங்கிலமொழிக் கல்வி, கணிதக் கல்வி, அறிவியல் கல்வி, சமூக அறிவியல் கல்வி. எட்டையும் ஒருவரே படிக்க வேண்டும், ஏனென்றால் தமிழிலிருந்து சமூக அறிவியல் வரை கடைசி ஐந்தையும் ஒருவரேதான் பிறகு நடத்தப்போகிறார். தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர், தமிழ் டீச்சர் என்று தனித்தனியாக ஆள் இல்லை. அதனால்தான் ஆங்கிலத்துக்குப் பயந்தோ கணக்குக்குப் பயந்தோ இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் திணறுகிறார்கள். ஓவியம், கைவேலை, யோகா, உடற்கல்வி இதெல்லாம் கூடவே உண்டு. தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. விடைத்தாள் வெளியே திருத்தப்படும். உள்ளூர் வாத்தியார் தயவில் தேறிவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஒரு பாடம் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், ஆனால் முடிக்கும் வரை டெட்டுக்கும் வேலைக்கும் நடக்கும் பொழுது வீண்.

ஏடுகள் பயமுறுத்தும். பாடக் குறிப்பேடு, உற்றுநோக்கல் பதிவேடு, ஒரு குழந்தையைத் தொடர்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வு, செயலாய்வு, துணைக்கருவிப் பட்டியல். எழுதி வைத்ததை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள் என்று நான் சொல்வது நேர்மைக்காக மட்டுமல்ல. பாடக் குறிப்பை நீங்களே எழுதினால்தான், நாற்பது நிமிடத்தில் எவ்வளவு நடத்த முடியும் என்ற அளவு கைக்கு வரும். முதலில் எழுதுகிறவர்கள் ஒரே பாடவேளையில் மூன்று பாடத்துக்கு வேண்டியதை அடைத்துவிடுவார்கள்.

துணைக்கருவிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. தெர்மோகோலில் எரிமலை செய்து வந்து காட்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் கடைக்கு ஓடாதீர்கள். புளியங்கொட்டை, சோழி, ஈர்க்குச்சி, பழைய நாட்காட்டித் தாள், துணிக் கிளிப் இவை போதும். பிள்ளை கையில் எடுத்துப் புரட்ட முடியாத பொருள் துணைக்கருவி இல்லை, அலங்காரம்.

இதையெல்லாம் விட முக்கியமானது பள்ளிப் பயிற்சி. விதிப்படி மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4 வாரம் பெரும்பாலும் பார்ப்பதற்கு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் நடத்துவதற்கு. இந்தப் பதினாறு வாரத்தை எங்கே, யாரிடம் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பஸ் வசதி பார்த்து, டவுனுக்குள் பெரிய பள்ளியாகக் கேட்பார்கள். நான் ஈராசிரியர் பள்ளியைக் கேட்டு வாங்கச் சொல்வேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்தான். வேலை கிடைத்தால் பெரும்பாலும் அப்படி ஒரு பள்ளிதான் உங்களுக்கு வாய்க்கும். ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு மூன்றும் உட்கார்ந்திருக்கும்போது எப்படி நடத்துவது என்று எந்த வகுப்பறை விரிவுரையும் சொல்லித் தராது. நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் தலைமையாசிரியர் அலுவலக வேலையாகக் கிளம்பிவிட்டால், மூத்த ஆசிரியை ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்ப்பார். சத்தமே போடமாட்டார். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அது போடும் நேரத்தில் ஒன்றாம் வகுப்பிடம் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவரிடம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் 11 முதல் 19 வரை நடத்திக்கொண்டிருந்தேன். பதின்மூன்று எழுது என்றேன். ஒரு பையன் சிலேட்டில் 103 என்று எழுதிக் காட்டினான். பத்து எழுதினான், பக்கத்தில் மூன்று எழுதினான், அவன் வரையில் கணக்கு சரி. நான் சிலேட்டை வாங்கி அழிக்கப்போனேன். பின்னால் இருந்து அம்மையார், "அழிக்காதீங்க, குச்சியைக் குடுங்க" என்றார். பத்து ஈர்க்குச்சியை எண்ணி ரப்பர் போட்டுக் கட்டச் சொன்னோம். ஒரு கட்டு, உதிரி மூன்று. "கட்டு எத்தனை?" ஒன்று. "உதிரி எத்தனை?" மூன்று. அதை மட்டும் எழுது என்றதும் 13 எழுதினான். பிறகு தன்னுடைய 103-ஐப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தானாகவே எச்சில் தொட்டு நடுவில் இருந்த சைபரை அழித்தான். இடமதிப்பு என்ற பாடத்தை நான் ஏட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். குச்சிக் கட்டு பற்றியும் அதில் இருந்தது. எப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இல்லை.

பள்ளிப் பயிற்சிக்குப் போகும் முன் இப்போது எங்கள் வகுப்பறை எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முன்பு செயல்வழிக் கற்றல் இருந்தது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள். 2022 ஜூனில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். ஆசிரியர் கையேட்டில் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் வரிசையாக இருக்கும். அதை அப்படியே ஒப்பித்தால் நடக்காது, கையேடே இல்லாமலும் நடக்காது. பதிவேற்றும் வேலையும் நிறைய. செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டீச்சரை ஊர்க்காரர்கள் திட்டுவார்கள், அந்தப் பாதி நேரம் வருகையோ மதிப்பீடோ பதிவேற்றிக்கொண்டிருப்போம். பயிற்சிக்கு வரும் பெண்கள் இதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கரும்பலகை எழுத்து ஒன்று. முத்து முத்தாக எழுத வேண்டும் என்பதில்லை, வரி ஏறி இறங்காமல் கடைசிப் பெஞ்சுக்குத் தெரிய வேண்டும். பலகைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். பிள்ளைகள் உங்கள் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் 'ட' எங்கே தொடங்குகிறது என்று கற்கின்றன. முடிந்த எழுத்தைப் பார்த்தால் மட்டும் கீழிருந்து மேலே போட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

டெட், அதற்கு மேல் இன்னொரு தேர்வு

பட்டயம் கையில் வந்ததும் வேலை என்ற காலம் போய்விட்டது. நான் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவள். பதிவு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தால் ஒரு நாள் அழைப்பு வரும். இப்போது இரண்டு தேர்வு. முதலாவது டெட். ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு. 150 கேள்வி, 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுப்பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சலுகை உண்டு, அந்தந்த அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு என்ன என்று பாருங்கள். ஒரு முறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2021-க்கு முன் ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்தது.

தேர்வு லேசு இல்லை. 2012 ஜூலையில் முதன்முதலாக நடந்தபோது லட்சக்கணக்கில் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்தார்கள்.

2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இது எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கும் வந்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும். ஆகவே பகலில் அரும்பு, மொட்டு, மலர், ராத்திரியில் பியாஜே, வைகோட்ஸ்கி, கோல்பர்க் என்று உளவியல் அறிஞர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது என் பொழுது. எழுதுகிற வயசா இது என்று வீட்டில் கிண்டல். கூடப் படிக்கும் சின்னப் பெண்களிடம் இந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கைடுகளை ஒதுக்கிவிட்டு அரசின் பாடநூல்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுங்கள். சூழ்நிலையியலும் கணக்கும் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும். உளவியல் பகுதிக்கு மனப்பாடம் வேண்டாம். பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தை முன் ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரில் ஒன்று, உயரமான டம்ளரில் ஒன்று ஊற்றி எதில் அதிகம் என்று கேளுங்கள். உயரமானதைக் காட்டும். எட்டு வயதுக் குழந்தையிடம் கேளுங்கள், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று உங்களை ஒரு மாதிரி பார்க்கும். பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலையில் ஒரு கேள்வி இனி தப்பாது.

இரண்டாவது, நியமனத் தேர்வு. 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணைப்படி டெட் என்பது தகுதி மட்டும். வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு. இடைநிலை ஆசிரியருக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலை 21 அன்று நடந்தது. அதில் கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தாள் ஒன்று, 30 கேள்வி, 50 மதிப்பெண். அதில் 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகள் வேண்டுமென்றால் சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்திய அளவிலான டெட், அதாவது சிடெட், தனியாக எழுத வேண்டும்.

காத்திருக்கும் காலம்

பட்டயத்துக்கும் வேலைக்கும் நடுவே சில வருடம் போகும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். நியமன வயது வரம்பை 2023-இல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியிருக்கிறார்கள், அதனால் வயது போய்விட்டது என்ற பயம் இப்போதைக்கு இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பட்டம் முடித்துவிடலாம். நேரடியாகவோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, எப்படியானாலும் பத்து, பிளஸ் டூ, அதற்கு மேல் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை தவறக்கூடாது. பிளஸ் டூ இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பின்னாளில் ஆறாம் வகுப்புக்கு மேல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியராகப் போக ஆசை வந்தால் அப்போது பி.எட். படியுங்கள். அதற்குத்தான் அது.

சம்பளமும் பேசிவிடுவோம். 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்றைய கணக்கில் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஆகி, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். பக்கத்து வகுப்பில் என்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும் டீச்சருக்கு என்னைவிடச் சம்பளம் மிகக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். தனியார் பள்ளியில் தருவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதும் உண்மைதான்.

கடைசியாக, இந்தக் கோடையிலேயே முடிக்க வேண்டிய ஒரு வேலை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பி.எஸ்.டி.எம். சான்றிதழ் என்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். படித்த சின்னப் பள்ளி மூடப்பட்டிருக்கலாம், வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது சேர்க்கைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துத் தேட வேண்டியிருக்கும். பட்டயத்தையும் தமிழ்வழியிலேயே படியுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு வருடச் சான்று கையில் இருந்தும் சங்கிலி அங்கே அறுந்துவிடும். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் ஊருக்குப் போயிருப்பார். ஏப்ரலிலேயே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாற்றுச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால், பதிவேட்டில் சேர்க்கை எண்ணைத் தேடும் வேலை எங்களுக்கு மிச்சம்.